சுண்ணாம்புச் சுவரின் மற்றக் குடிகள்

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சுவர்கள் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் கனமுள்ளவை. இத்தாலியின் தென்கோடியில், வரைபடத்தில் காலணியின் குதிகாலாகத் தெரியும் சலெந்தோ தீபகற்பத்தில், பழைய வீடுகளை இப்படித்தான் கட்டினார்கள். வெளிப்புறம் ஒரு கல் வரிசையும் உட்புறம் ஒரு கல் வரிசையும் எழுப்பி, இரண்டுக்கும் நடுவில் உடைகல்லையும் மண்ணையும் கொட்டி நிரப்பி, மேலே வளைவுக் கூரை அமைத்து, எல்லாவற்றின்மீதும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். ஆகஸ்டு மாத நண்பகலில் தெருக்கல் காலைச் சுடும்போது, உள்ளே பானைத் தண்ணீரின் குளிர்ச்சி இருக்கும். அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் இந்த வீட்டைப் பிடித்தோம். சுவரின் நடுவிலுள்ள அந்தக் கல்லும் மண்ணும் எத்தனை உயிர்களுக்கு வீடு என்பது குடிவந்த முதல் கோடையில்தான் எனக்குத் தெரிந்தது.

குடிவந்த நான்காம் இரவு குளியலறை விளக்கைப் போட்டபோது, சுவரில் ஒட்டியிருந்த ஒரு முடிக்கற்றை எழுந்து ஓடியது. பூரான் என்று தெரிந்தது. ஆனால் ஊரில் நான் பார்த்த பூரானைப் போல் தட்டையாகத் தரையோடு ஊரவில்லை. உடலைவிட நீளமான மெல்லிய கால்கள் சுற்றிலும் விரிந்திருக்க, தண்ணீர் வழிவதுபோல் சுவரின் குறுக்கே சறுக்கிக்கொண்டு போயிற்று. அடுத்த வாரத்தில் மூலைக்கொன்றாகச் சிலந்திகளும், விறகு அடுக்கில் ஒரு சிறிய கருந்தேளும் கண்ணில் பட்டன. கணவரும் நானும் கடைக்குப் போய்ப் பூச்சிமருந்துக் குப்பிகள் வாங்கி வந்து, ஒவ்வோர் அறையிலும் அடித்து, கதவுகளைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். மாலையில் திரும்பி வந்து பெருக்கியபோது ஒரு முறம் நிறைய வந்தது.

பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். குப்பையைக் கொட்டப் போனவளை நிறுத்தி முறத்தைப் பார்த்தார். நீண்ட கால்களுள்ள அந்தப் பூரான்களை விரலால் ஒதுக்கிக் காட்டி, "மகளே, இவை உனக்கு என்ன செய்தன?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆகஸ்டு முடிவதற்குள் புத்தக அலமாரியில் இராமபாணப் பூச்சிகள் அட்டைகளின் பசையைத் தின்றிருந்தன. சமையலறைச் சாக்கடை வழியாகக் கரப்பான்கள் ஏறி வந்தன. நான் பெருக்கிக் கொட்டியவை இவற்றைத் தின்று வாழ்ந்தவை.

அன்றிலிருந்துதான் ஒவ்வொன்றையும் அதன் பெயரோடும் பழக்கத்தோடும் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். இத்தாலியர் 'ஸ்குத்திஜேரா' என்று அழைக்கும் அந்தப் பூரானுக்குப் பூர்வீகமே மத்தியதரைக்கடல் நாடுகள்தான். மனிதர்களின் வீடுகளோடு சேர்ந்து உலகெங்கும் போய்விட்டது. வளர்ந்ததற்குப் பதினைந்து சோடிக் கால்கள். ஆனால் முட்டையிலிருந்து வரும்போது நான்கு சோடிகள்தான் இருக்கும். ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் கால்கள் கூடிக்கொண்டே போகும். பகைவரின் பிடியில் ஒரு கால் மாட்டினால் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவிடும். கரப்பான் குஞ்சு, இராமபாணம், அந்துப்பூச்சி, சிறு சிலந்தி என்று இரவு முழுவதும் வேட்டையாடும். தன் உடம்பின் ஈரத்தைக் காத்துக்கொள்ள அதனால் முடியாது. ஆகவே வீட்டில் எங்கே ஈரமோ அங்கே நிற்கும். குளியலறைச் சுவரின் ஒரே மூலையில் அவற்றை அடிக்கடி பார்த்ததால்தான் உள்ளே ஒரு குழாய் கசிந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தோம். மனிதரைக் கடிப்பது மிக அரிது. கையில் பிடித்து நசுக்கினாலொழிய அதற்கு அந்த எண்ணமே வராது. பார்ப்பதற்கு இந்த வீட்டிலேயே அச்சம் தருவது அதுதான். இந்த வீட்டுக்கு அதனால் தீங்கு ஒன்றுமே இல்லை.

தோற்றத்தை வைத்துக் குற்றவாளியைத் தேடும் இந்தப் பிழையை நான் செய்தது இந்த மண்ணில்தான் என்பது பிறகு யோசித்தபோது பொருத்தமாகப்பட்டது. ஏனென்றால் இந்த வட்டாரமே பல நூற்றாண்டுகளாக அந்தப் பிழையைச் சுமந்திருக்கிறது. எங்கள் ஊருக்கு வடமேற்கே தாரந்தோ என்ற துறைமுக நகரம் இருக்கிறது. உலகம் முழுவதும் பெரிய மயிர்ச் சிலந்திகளுக்கு வழங்கும் 'டரான்டுலா' என்ற பெயர் அந்த ஊரிலிருந்து பிறந்தது. அமெரிக்கக் காடுகளின் மயிர்ச் சிலந்திகளுக்கு அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்டது பின்னால்தான். முதலில் அதற்கு உரியதாக இருந்தது இங்கே வயல்களில் வளை தோண்டி வாழும் ஓநாய்ச் சிலந்தி. 1758-இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு இயற்கையியல் அறிஞர் உயிரினங்களைப் பட்டியலிட்டபோது ஊரின் பெயரையே அதற்கு நிலைக்க வைத்தார். பெண் சிலந்தியின் உடல் மட்டும் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். வளையின் உட்சுவருக்குப் பட்டு இழை பூசி, வாயைச் சுற்றிக் கிணற்றுத் திட்டுப் போலப் புல்லாலும் மண்ணாலும் ஒரு விளிம்பு எழுப்பி, அந்தியில் அங்கே வந்து உட்கார்ந்து இரைக்காகக் காத்திருக்கும்.

கோதுமை அறுவடை நடக்கும் சூன் மாதத்தில், வயலில் வேலை செய்த பெண்கள் திடீரென்று விழுந்து நடுங்குவார்கள், வியர்ப்பார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிப்பார்கள். இந்தச் சிலந்தி கடித்துவிட்டது என்பதே ஊரின் முடிவு. அதற்கு மருந்து இசை. வீட்டுத் தரையில் வெள்ளைத் துணி விரித்து, வயலினும் தம்புரெல்லோ என்ற சிலம்புவைத்த தோற்பறையும் வாசிப்பவர்களை அழைத்துவந்து, கடிபட்டவள் எந்த மெட்டுக்கு அசைகிறாளோ அந்த மெட்டை நாட்கணக்கில் வாசிப்பார்கள். அவள் விரும்பும் நிறத்து நாடாக்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆடி ஆடி அவள் ஓய்ந்தபின், சூன் 29-ஆம் நாள் கலத்தீனாவிலுள்ள புனித பவுல் சிற்றாலயத்துக்கு அழைத்துப்போய் நன்றி சொல்லச் செய்வார்கள். மால்டா தீவில் நச்சுப்பாம்பு கடித்தும் பவுலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது விவிலியக் கதை. அதனால் நஞ்சு எல்லாவற்றுக்கும் அவரே அதிகாரி. 1641-இல் அத்தனாசியுஸ் கிர்கெர் என்ற யேசு சபைத் துறவி இந்தச் சிகிச்சை மெட்டுகளை இசைக்குறிப்பாகவே அச்சிட்டிருக்கிறார். 20-ஆம் நூற்றாண்டிலும் நார்தோ ஊரில் லூயிஜி ஸ்திஃபானி என்ற முடிதிருத்துநர் வயலின் எடுத்துக்கொண்டு நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறார். அவர் 2000-இல்தான் இறந்தார்.

பக்கத்து வீட்டுப் பாட்டி இதைக் கண்ணால் பார்த்தவர். தமக்கு ஒன்பது வயதிருக்கும்போது தம் சித்தி மூன்று பகலும் மூன்று இரவும் ஆடியதை அவர் ஒரு குளிர்கால மாலையில் என்னிடம் சொன்னார். சித்திக்குப் பிடிக்காத ஒருவரோடு அந்த ஆண்டு திருமணம் பேசி முடித்திருந்தார்கள் என்பதைக் கதையின் நடுவே, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அதற்கடுத்த ஆண்டுகளிலும் சூன் வந்தால் சித்தி விழுந்துவிடுவாராம். 1959-இன் கோடையில் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ என்ற மானிடவியல் அறிஞர் ஒரு குழுவோடு இந்த ஊர்களுக்கு வந்து, கடிபட்டதாகச் சொன்ன பெண்களோடு பேசிப் பார்த்து, 1961-இல் அதை நூலாக வெளியிட்டார். ஒரு முறை கடித்த நஞ்சு ஆண்டுதோறும் அதே நாட்களில் திரும்பி வர முடியாது என்பதையும், சொல்ல வழியில்லாத துயரத்துக்குச் சிலந்தியின் பெயரில் ஓர் இடம் கிடைத்திருந்தது என்பதையும் அவர் காட்டினார். நிலமும் பேச்சும் இல்லாத ஏழைப் பெண்களே பெரும்பாலும் ஆடினார்கள். இன்று அதே இசையைப் 'பிட்சிக்கா' என்ற பெயரில் மெல்பிஞ்ஞானோ ஊரில் ஆகஸ்டு மாதத் திருவிழாவில் பல்லாயிரம் பேர் கேட்டு ஆடுகிறார்கள், 1998-இலிருந்து நடக்கிறது. நானும் போய் ஆடியிருக்கிறேன். ஆடும்போது அந்தச் சித்தியின் நினைவு வராமல் இருந்ததில்லை.

ஆனால் எல்லாக் கடியும் கற்பனையல்ல. உண்மையாகவே கடிபட்டவர்களும் இருந்தார்கள். கடித்தது பெரும்பாலும் வேறொரு சிலந்தி. 'மால்மிஞ்ஞாத்தா' என்று இங்கே பெயர். கறுப்பு விதவைச் சிலந்திகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. பளபளக்கும் கருவயிற்றில் பதின்மூன்று சிவப்புப் புள்ளிகள். உடல் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டினால் அதிகம். அறுவடைத் தாளின் அடியிலும் கற்களுக்கு இடையிலும் ஒழுங்கற்ற வலை பின்னி மறைந்திருக்கும். கையால் கதிரைப் பற்றி அரிவாளால் அறுத்தவர்களின் விரலுக்கு அது எட்டும் தூரத்தில் இருந்தது. கடிக்கும்போது பெரிய வலி தெரியாது. சிறிது நேரம் கழித்து, அதன் நஞ்சு நரம்பு முனைகளில் இருக்கும் வேதிப்பொருள்களை ஒட்டுமொத்தமாக வெளியே கொட்டவைக்கும்போதுதான் தசைப்பிடிப்பும் வயிற்று இறுக்கமும் வியர்வையும் அமைதியின்மையும் தொடங்கும். ஓநாய்ச் சிலந்தியின் கடியோ, சற்று வலித்து அடங்கிவிடுவது. கண்ணுக்குத் தெரிந்த பெரியது பழியைச் சுமந்தது. கண்ணில் படாத சிறியது கடித்துவிட்டுத் தாளுக்குள் இருந்துவிட்டது. இயந்திர அறுவடை வந்தபிறகு அந்தக் கடியும் அரிதாகிவிட்டது. வீட்டுக்குள் மால்மிஞ்ஞாத்தா வருவதில்லை. தோட்டத்துக் கற்சுவரைத் தொடும் நாளில் மட்டும் நான் தோல் கையுறை போட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்குள் கவனிக்க வேண்டிய சிலந்தி ஒன்றே ஒன்று. அதுவும் பார்த்தால் யாரும் பொருட்படுத்தாத தோற்றமுடையது: மங்கிய பழுப்பு நிறம், மெல்லிய கால்கள், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான உடல். தலைப்பகுதியில் வயலின் வடிவத்தில் மங்கலான ஒரு கருமை இருப்பதால் இத்தாலியர் 'வயலின் சிலந்தி' என்கிறார்கள். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள். இதற்கு ஆறுதான், இரண்டிரண்டாக மூன்று இடங்களில். முதன்முதலில் ஒன்றைக் கண்ணாடிக் குவளைக்குள் பிடித்து, கணவரின் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக அந்த ஆறு கண்களை எண்ணி முடித்தபோது என் கை நடுங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இதன் கடி தொடக்கத்தில் வலிக்காது. பெரும்பாலும் சிவந்து ஆறிவிடும், ஆனால் சிலருக்கு அந்த இடத்துத் தசை அழுகிப் புண்ணாகலாம். கோடை வந்தால் செய்தித்தாள்கள் இதைப் பற்றி எழுதி மக்களைத் தூங்கவிடாமல் செய்கின்றன. அது துரத்தி வந்து கடிப்பதில்லை. அட்டைப்பெட்டியிலும் அலமாரிக்குப் பின்னாலும் பகல் முழுவதும் ஒடுங்கியிருந்து, இரவில் உலவி, விடியும்போது கண்ட இடத்தில் ஒளியும். நாம் உடுத்தும் சட்டைக்கும் நம் தோலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கடிக்கும். ஆகவே எங்கள் வீட்டில் கட்டில் சுவரை ஒட்டி இல்லை. விரிப்பு தரையைத் தொடுவதில்லை. அட்டைப்பெட்டிகளுக்குப் பதிலாக மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள். தரையில் கிடந்த துணியையும் காலணியையும் உதறாமல் யாரும் போட்டுக்கொள்வதில்லை. விருந்தினராக வருபவர்களுக்கும் கதவருகிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்.

மூலைகளில் தொங்கும் ஒட்டடையை முன்பு வாரந்தோறும் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது படுக்கையறையில் மட்டும் அடிக்கிறேன். மற்ற அறைகளின் ஒட்டடைக்கு உரியது நெடுங்காலுள்ள, உடல் தானியமணி அளவே ஆன சிலந்தி. தொட்டால் வலையோடு சேர்ந்து உருவமே தெரியாதபடி அதிரும். அதனால் இத்தாலிய மொழியில் அதற்கு 'ஆடும் சிலந்தி' என்ற பொருளுள்ள பெயர். தன்னைவிடப் பெரிய சிலந்திகளையும் தூரத்திலிருந்தே இழை வீசிக் கட்டித் தின்றுவிடும். முட்டைகளை நான்கைந்து இழைகளால் மட்டும் கட்டி, அவை பொரியும்வரை வாயிலேயே கவ்விக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் அது உண்பதில்லை. பரணுக்குக் கீழே ஒன்று அப்படிக் கவ்விக்கொண்டு தலைகீழாகத் தொங்கியதை மூன்று வாரம் நாள்தோறும் பார்த்தேன்.

பல்லிகளைப் பற்றி எனக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாசல் விளக்கடியில் இரவானால் வந்து நிற்கும் வெளிறிய, ஒளி ஊடுருவும் தோலுள்ள பல்லி, நம் வீட்டுப் பல்லிகள் சேர்ந்த அதே ஹெமிடாக்டைலஸ் பேரினத்தைச் சேர்ந்தது. ஒரு நாள் அது குரல் கொடுத்தபோது என் விரல் தானாகவே தரையில் தட்டியது. பாட்டி ஏனென்று கேட்டார். எங்கள் ஊரில் பல்லி சொன்னால் அது பலித்துவிடும் என்று சொன்னேன். அவர் அதைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். சன்னல் மூலையில் மண்கூடு கட்டும் குளவிக்கும் அப்படித்தான். கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று என் அம்மா சொல்வார். அந்த மண்ணறைகளில் குளவி அடைத்துவைப்பது கொட்டி மயக்கிய சிலந்திகளை. உள்ளேயிருந்து பிறக்கும் புழுவுக்கு அவை உயிருள்ள உணவு. கூட்டை நான் உடைக்கவில்லை.

தேளைப் பற்றியும் அதிகம் சொல்லவேண்டியதில்லை. இங்கே வீடுகளில் காண்பது நான்கு சென்டிமீட்டர் அளவுள்ள கருந்தேள். கொட்டினால் தேனீயின் அளவுக்குக்கூட வலிப்பதில்லை என்கிறார்கள். புற ஊதா விளக்கை அடித்தால் அதன் ஓடு நீலப்பச்சையாக ஒளிரும். மழைக்கு முந்தைய இரவொன்றில் விறகுக் கொட்டிலில் விளக்கை அடித்தபோது ஏழு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. விறகு எடுக்கும்போது கையுறை தேவை என்பது எனக்கு அப்படித்தான் உறைத்தது.

என்னை உண்மையில் கடித்தது ஒன்று உண்டு. மூன்றாம் ஆண்டு செப்டம்பரில், கொல்லைக் கல்லின்மீது இரவு முழுவதும் கிடந்த ஈரத் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனேன். அதற்குள் பட்டைக் கோடுகளுள்ள பெரும் பூரான் ஒன்று, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, சுருண்டிருந்தது. சுண்டுவிரல் தீயில் வைத்ததுபோல் எரிந்தது, மணிக்கட்டுவரை வீங்கியது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் சிலந்திக்கடி என்று எழுதிக்கொண்டு, நான் பூரான் என்று இருமுறை சொல்லியும் திருத்தாமல் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வீக்கம் வடிந்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. சிலந்தி செய்யாத ஒன்று அதன் கணக்கில் எழுதப்பட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பாட்டி அஞ்சுவது இவற்றில் எதற்கும் அல்ல. 'பப்பத்தாச்சி' என்று ஒரு மணல் ஈ இருக்கிறது; தின்பது என்ற சொல்லும் மௌனம் என்ற சொல்லும் சேர்ந்து உண்டான பெயர். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவு, கொசுவைப் போல் ரீங்காரம் இல்லை, கொசுவலையின் கண்ணிலும் நுழைந்துவிடும். நாய்களுக்கு லீஷ்மேனியா நோயைக் கொண்டுவருவது அதுதான். பாட்டியின் வேட்டை நாய் அதில்தான் மெலிந்து மெலிந்து செத்தது. அதன்பிறகு வளர்க்கும் நாய்க்குக் கோடை தொடங்கும்முன் மருந்துப் பட்டை கட்டாமல் அவர் இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு வீட்டுக்கு வெளியே நடந்தது. 2013-இல் இதே சலெந்தோவிலுள்ள கல்லிப்போலி ஊரின் அருகே ஒலிவ மரங்கள் நுனியிலிருந்து கருகுவதற்குக் காரணம் ஸைலெல்லா என்ற பாக்டீரியா என்று கண்டறிந்தார்கள். மரத்துக்குள் தண்ணீர் ஏறும் குழல்களை அது அடைத்துவிடும். மரத்திலிருந்து மரத்துக்கு அதைச் சுமந்து செல்வது 'ஸ்புத்தக்கீனா' என்ற, சாற்றை உறிஞ்சும், அரை சென்டிமீட்டர் நீளமுள்ள சாதுவான பூச்சி. வசந்தத்தில் களைச்செடிகளின்மேல் எச்சில் நுரை போன்று காணப்படுவது அதன் குஞ்சுகள் ஒளிந்திருக்கும் இடம். யாரையும் கடிப்பதில்லை, எவரையும் அலறவைத்ததில்லை. பல நூற்றாண்டு வயதுள்ளவை உட்பட இலட்சக்கணக்கான மரங்கள் காய்ந்துபோயின. பாட்டியின் தோப்பில் இருந்த நாற்பது மரங்களில் இன்று தளிர் விடுபவை மூன்று. அந்த மூன்றின் கிளைகளுக்கிடையே வட்டவலை பின்னும் சிலந்திகள் இருக்கின்றன; மே மாதத்தில் அந்த வலைகளில் நூல் சுற்றிய ஸ்புத்தக்கீனாக்களை நானே எண்ணியிருக்கிறேன். அவை தோப்பைக் காப்பாற்றப் போதாது என்று தெரியும். இருந்தும் அந்த வலைகளில் தலை படாதவாறு பாட்டியும் நானும் குனிந்துதான் போகிறோம்.

சென்ற செப்டம்பரின் கடைசியில் முதல் மழை பெய்த மூன்றாம் நாள், காட்டுச் சிக்கோரிக் கீரை பறிக்கப் பாட்டியோடு தோப்புக்குப் போயிருந்தேன். கத்தியால் ஒரு செடியின் வேரை அறுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். செடிக்கு ஒரு சாண் தள்ளி வளை ஒன்று. அதன் விளிம்பில், மழைக்குப் பின் வந்த வெயிலில், தாரந்தோவின் பெயர் தாங்கிய அந்தப் பெரிய சிலந்தி உட்கார்ந்திருந்தது. அதன் முதுகு தெரியவில்லை; குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தன. அவை பொரிந்தவுடன் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும், தாமாக இரை தேடப் பிரியும்வரை இறங்கமாட்டா. பாட்டி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். தம் சித்தியின் பெயரை ஒருமுறை சொன்னார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப்போய், வேறொரு செடியை அறுக்கத் தொடங்கினார்.